வீடு வாங்குவோரும் ஆவணம் ஆராய்தலும்

(மகாவீரர் ஜெயந்தி விழாவையொட்டி நடைபெற்ற இல்லறத்தார் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தத்துவார்த்த சூத்திரம் இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்களைக் கூறியபின், ஒவ்வொரு விரதத்திற்கும் நேரக்கூடிய ஐந்து குற்றங்களை எண்ணிச் சொல்கிறது. அதிசாரங்கள் என்பது அவற்றின் பெயர். வாய்மை விரதத்தின் ஐந்து குற்றங்களுள் ஒன்று கூடலேகக் கிரியை, அதாவது பொய் ஆவணம் எழுதுதல். மற்றொன்று நியாசாபகாரம், அதாவது பிறர் நம்பி ஒப்படைத்த பொருளைக் கவர்தல். கள்ளாமை விரதத்தின் குற்றங்களுள் களவுப் பொருளை வாங்குதலும், நாட்டின் சட்டத்தை மீறிப் பொருள் கொள்ளுதலும் இடம் பெறுகின்றன. பொருள் வரையறை விரதத்தில் எல்லை கட்ட வேண்டிய பொருள்களைச் சொல்லும்போது, பொன்னுக்கும் தானியத்துக்கும் முன்னதாக நிலமும் வீடும் வைக்கப்பட்டுள்ளன.

பொய்ப் பத்திரம் எழுதியவன் மட்டுமே குற்றவாளி என்று அறநூல் விட்டுவிடவில்லை என்பது இங்கே கருதத்தக்கது. களவுப் பொருளை வாங்கியவனையும் அது கேள்வி கேட்கிறது. பிரமாதம் எனப்படும் கவனமின்மையே பல தீமைகளுக்கு வித்து என்பது சமண நெறியின் அடிப்படை. ஆதலால், ஒரு வீட்டின் ஆவணங்களை ஆராய்ந்து வாங்குவது வெறும் முன்னெச்சரிக்கை அன்று. அது இல்லறத்தானின் கடமையும் ஆகும். மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் ஒரு சிறு அடுக்கக வீடு வாங்கக்கூட ஒரு குடும்பத்தின் முப்பதாண்டு உழைப்பு செலவாகிறது. அவ்வுழைப்பைக் காக்கும் வழி எது என்பதே இவ்வுரையின் பொருள்.

பதிவு வேறு, உரிமை வேறு

பத்திரம் பதிவாகிவிட்டது, அரசே ஏற்றுக்கொண்டது, இனி அச்சமில்லை என்று எண்ணுவோர் பலர். இந்த எண்ணமே முதற்பிழை. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் ஆவணத்தைப் பதிவு செய்கிறது. உரிமைக்கு உறுதி அளிப்பதில்லை. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், தமிழ்நாட்டிலிருந்து சென்ற கோபி என்பவரின் வழக்கில் இதனை ஐயமறத் தெளிவாக்கியது. விற்பவர் தம் மூல ஆவணத்தைக் காட்டாவிடில் பதிவை மறுக்கலாம் என்ற தமிழ்நாட்டுப் பதிவு விதி 55-அ இன் பகுதியை அது செல்லாது என்றது. விற்பவருக்கு உரிமை உண்டா என்று ஆராய்வது பதிவு அதிகாரியின் பணி அன்று என்பதும், உரிமை இல்லாதவர் எழுதிக் கொடுத்த பத்திரத்தால் வாங்குபவருக்கு உரிமை வந்து சேராது என்பதும் அத்தீர்ப்பின் சாரம். அப்படியானால் உரிமையை ஆராய்வது யார் பொறுப்பு? வாங்குபவர் பொறுப்பு. அவர் சார்பில் அதைச் செய்ய வல்லவர் வழக்கறிஞர்.

பட்டாவைப் பற்றியும் இதே மயக்கம் உண்டு. பட்டா வருவாய்த் துறையின் பதிவேடு. வரி யாரிடம் கேட்பது என்பதை அது காட்டும், உரிமைக்குத் துணைச் சான்றாகும், தானே உரிமையாகாது. சொத்துவரி ரசீதும் மின் இணைப்பும் அவ்வாறே. பொது அதிகார ஆவணம், உயில், விற்பனை ஒப்பந்தம் ஆகிய மூன்றையும் வைத்துக்கொண்டு வீட்டைக் கைமாற்றும் வழக்கம் ஒரு காலத்தில் பரவியிருந்தது. 2011 அக்டோபரில் சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம், பதிவு பெற்ற கிரயப் பத்திரம் இன்றி அசையாச் சொத்தின் உரிமை மாறாது என்று தீர்ப்பளித்தது. அதற்கு முந்தைய காலத்துப் ‘பவர்’ பத்திரங்கள் இன்றும் பல வீடுகளின் ஆவணத் தொடரில் இடையே நிற்கின்றன. அவற்றைக் கண்டவுடன் நின்று ஆராய வேண்டும்.

வழக்கறிஞரைத் தேர்ந்தெடுத்தல்

இங்கிலாந்தில் வீடு மாற்றும் பணியையும் செய்யும் சொலிசிட்டர் என்ற தனிப் பிரிவினர் உள்ளனர். இந்தியாவில் 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர் சட்டம் எல்லாரையும் ஒரே வகையாக்கிவிட்டது. எனவே பெயர்ப்பலகையைப் பார்த்துச் சொத்துச் சட்டத்தில் தேர்ந்தவரை அறிய முடியாது. இந்திய வழக்கறிஞர் கழக விதிகள் விளம்பரத்தையும் தடை செய்கின்றன. ஆகவே விளம்பரத்தின் வழியே தேடி வருபவரை ஐயுறுவதே அறிவு. உற்றார் உறவினருள் அண்மையில் அதே பகுதியில் வீடு வாங்கியவரைக் கேட்டறிவதே நல்ல வழி.

முதலில், அவர் தமிழ்நாடு - புதுச்சேரி வழக்கறிஞர் கழகத்தில் பதிவு பெற்றவரா என்று பதிவு எண்ணைக் கேட்டு உறுதி செய்யலாம். இதில் கூச்சத்திற்கு இடமில்லை. அடுத்து, சிவில் வழக்குகளிலும் சொத்து ஆவணங்களிலும் எத்தனை ஆண்டுப் பழக்கம் என்று அறிதல் வேண்டும். குற்றவியல் வழக்கில் பெயர் பெற்ற ஒருவர் பாகப் பிரிவினைப் பத்திரத்தின் நுட்பத்தைக் காணத் தவறலாம்.

மூன்றாவதாக, அவர் யாருடைய மனிதர் என்பது. விற்பவரோ தரகரோ கட்டுமான நிறுவனமோ காட்டிய வழக்கறிஞர் நல்லவராகவே இருக்கலாம். ஆயினும் ஒரே வழக்கறிஞர் இரு தரப்பின் நலனையும் காக்க இயலாது. வங்கியின் பட்டியலில் உள்ள வழக்கறிஞர் தரும் கருத்துரையும் வங்கிக்காக எழுதப்படுவதே. கடன் தொகைக்குச் சொத்து ஈடாகுமா என்பதே அவர் முன் உள்ள கேள்வி. வங்கி கடன் கொடுத்துவிட்டது, ஆகவே ஆவணம் சரி என்று கருதுவது தவறு. வீட்டு விலையில் வங்கி தராத பங்கு வாங்குபவருடைய சேமிப்பு. அதற்குக் காவலாக ஒருவர் வேண்டும்.

ஆவண எழுத்தர் வேறு, வழக்கறிஞர் வேறு என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். உரிமம் பெற்ற ஆவண எழுத்தர் சொன்னதைச் சட்ட வடிவில் எழுதித் தருவார். உரிமையின் வரலாற்றை ஆராய்வது அவர் பணியன்று.

வழக்கறிஞரிடம் கேட்கத்தக்க கேள்விகள் சில. மூல ஆவணங்களின் அசலைப் பார்ப்பாரா, நகலோடு நிறுத்திக்கொள்வாரா? வில்லங்கத்தைத் தாமே தேடுவாரா? முடிவை எழுத்தில் தருவாரா? கட்டணம் எவ்வளவு, அதில் எவை அடங்கும்? பதிவு நாளன்று உடன் வருவாரா? ஒரே வரியில் ‘சொத்து சுத்தமாக உள்ளது’ என்று எழுதித் தருவது கருத்துரை ஆகாது. பார்த்த ஆவணங்களின் பட்டியல், உரிமை ஒருவரிடமிருந்து ஒருவருக்கு வந்த வரலாறு, இடையில் காணும் குறைகள், அவற்றைத் தீர்க்க மேலும் வேண்டிய ஆவணங்கள், முடிவு என ஐந்தும் அடங்கியதே முறையான கருத்துரை.

இவை யாவற்றினும் முக்கியமானது காலம். நல்ல நாள் பார்த்து முன்பணம் கொடுத்துவிட்டுப் பிறகு வழக்கறிஞரைத் தேடுவது இப்பகுதிகளில் காணும் பொதுவான தவறு. முன்பணம் கைமாறிய பிறகு வழக்கறிஞர் குறை சொன்னால், அந்தக் குறை காதில் விழுவதில்லை. பணம் முடங்கிவிடுமே என்ற அச்சம் அறிவை மறைத்துவிடுகிறது. கருத்துரை முன்னே, முன்பணம் பின்னே என்பது ஒவ்வொரு குடும்பமும் கைக்கொள்ளத்தக்க நெறி.

முப்பதாண்டு வரலாறு

வழக்கறிஞர்கள் ஏன் முப்பதாண்டுக்கும் மேற்பட்ட ஆவணத் தொடரைக் கேட்கிறார்கள்? அடமானத்தை மீட்கும் வழக்கிற்குக் காலவரம்புச் சட்டம் 30 ஆண்டு தருகிறது. எதிரிடை அனுபவத்தால் தனியார் நிலத்தில் உரிமை இழக்க 12 ஆண்டு போதும். இவற்றைக் கடந்து பார்த்தால்தான் உரிமை உறுதிப்படும். பதிவுத் துறையின் இணையத்தளத்தில் 1975 முதலான வில்லங்க விவரங்களைப் பார்க்கலாம். அதற்கு முந்தையவற்றை அலுவலகத்தில் விண்ணப்பித்துத் தேட வேண்டும். மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய மூன்றிடத்தும் சார்பதிவாளர் அலுவலகங்கள் உள்ளன. ஆனால் அலுவலக எல்லைகள் காலந்தோறும் மாறியுள்ளமையால், இன்றைய அலுவலகத்தில் மட்டும் தேடுவது போதாது. அந்த இடம் முன்பு எந்த அலுவலகத்தைச் சேர்ந்திருந்தது என்று கேட்டு அங்கும் தேட வேண்டும்.

வில்லங்கச் சான்றில் பதிவானவை மட்டுமே தெரியும். நீதிமன்றத்தில் நிலுவையிலுள்ள வழக்கு அதில் தோன்றாமல் போகலாம். வழக்கு நடக்கும்போது வாங்கியவர் அவ்வழக்கின் முடிவுக்குக் கட்டுப்பட்டவர் என்று 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 52ஆம் பிரிவு கூறுகிறது. பத்திரத்தை வைத்து வாங்கிய கடனும் அவ்வாறே மறைந்திருக்கக்கூடும். சென்னை, மும்பை, கொல்கத்தா நகரங்களில் உரிமைப் பத்திரங்களைக் கடன் கொடுத்தவரிடம் ஒப்படைத்தாலே அடமானம் ஆகிவிடும் என்பது அச்சட்டத்தின் பழைய ஏற்பாடு. வங்கிகளிடம் உள்ள இத்தகைய அடமானங்களை அறிய 2011 முதல் செர்சாய் என்னும் மத்தியப் பதிவகம் செயல்படுகிறது. அங்கும் தேட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அசல் பத்திரம் எங்கே என்று கேட்க வேண்டும். ‘தொலைந்துவிட்டது’ என்ற விடை வந்தால், காவல்துறைச் சான்றும் நாளிதழ் அறிவிப்பும் இன்றி மேலே செல்லலாகாது.

கையொப்பமிடாத மகள்

சென்னையின் பழைய குடும்பங்களில் காணும் மிகப் பெரிய குறை, மகளிரின் பங்கை மறந்துவிடுதல். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் சமணர்க்கும் பொருந்துவது. ஓர் எடுத்துக்காட்டை எண்ணிப் பார்க்கலாம். ஒருவர் தாம் ஈட்டிய பொருளால் வாங்கிய வீட்டை விட்டு, உயில் எழுதாமல் 1985இல் இறந்தார். மனைவி, இரு மகன்கள், இரு மகள்கள் உள்ளனர் என்று கொள்வோர் ஐந்து சமப் பங்குகளைக் காண்பர். தாயும் மகன்களும் மட்டும் கையொப்பமிட்டு வீட்டை விற்றால், வாங்குபவருக்குச் சேர்வது ஐந்தில் மூன்று பங்கே. எஞ்சிய இரு பங்கு அந்த மகள்களுடையது. சீர் செய்து கல்யாணம் செய்து கொடுத்தாயிற்று என்ற சொல் சட்டத்தின் முன் நில்லாது.

கூட்டுக் குடும்பச் சொத்திலும் மகள்களுக்கு உரிமை வந்துள்ளது. தமிழ்நாடு 1989இல் அப்போது மணமாகாத மகள்களுக்கு அதனை வழங்கியது. 2005ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத் திருத்தம் எல்லா மகள்களுக்கும் வழங்கியது. 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில், இவ்வுரிமை பிறப்பால் வருவது, தந்தை 2005இல் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆகவே வாரிசுச் சான்றை மட்டும் பாராமல், குடும்ப மரத்தையே எழுதிக் கேட்டு, ஒவ்வொரு பெயருக்கும் நேராகக் கையொப்பமோ விடுதலைப் பத்திரமோ உள்ளதா என்று வழக்கறிஞர் பார்க்க வேண்டும். சிறுவர் ஒருவருக்குத் தனிப் பங்கு இருந்தால், நீதிமன்ற அனுமதி இன்றி இயற்கைப் பாதுகாவலர் அதை விற்க முடியாது. அப்படி விற்றிருந்தால், அச்சிறுவர் வளர்ந்தபின் அதை எதிர்த்து வழக்குத் தொடரலாம்.

உயிலின் வழி வந்த வீட்டிற்கு மற்றொரு கேள்வி உண்டு. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், சென்னை உயர் நீதிமன்றத்தின் நகர எல்லைக்குள் இந்து, பௌத்த, சீக்கிய, சைன மக்கள் எழுதிய உயில்களுக்குப் புரோபேட் எனப்படும் நீதிமன்ற மெய்ப்பிதழ் வேண்டும் என்று நெடுங்காலம் விதித்திருந்தது. ஆவணத் தொடரில் பழைய உயில் இருப்பின், மெய்ப்பிதழ் பெறப்பட்டதா, பிற வாரிசுகள் ஏற்றார்களா என்று கேட்பது முறை.

மூன்று ஊர்கள், மூன்று ஐயங்கள்

மயிலாப்பூர், நேமிநாத தீர்த்தங்கரரின் திருவுருவம் இருந்த ஊர் என்பதும், கடல் அச்சத்தால் அத்திருவுருவம் மேல்சித்தாமூருக்குக் கொண்டு செல்லப்பட்டது என்பதும் தமிழ்ச் சமணர் மரபு. இவ்வூரில் நிலங்கள் பல இன்றும் கோயில்களுக்கும் அறக்கட்டளைகளுக்கும் உரியவை. அத்தகைய நிலத்தில் தரைவாடகை கொடுத்துக் கட்டடம் மட்டும் தமதாக வைத்திருப்போர் உண்டு. கட்டடத்தை விற்றால் நிலம் வாராது. 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டம் 34ஆம் பிரிவின்படி, ஆணையரின் அனுமதியின்றிக் கோயில் நிலத்தை விற்றால் அது செல்லாது. நிலத்தை விலைக்குக் கேட்கும் உரிமையைக் குடியிருப்போருக்குத் தந்த 1921ஆம் ஆண்டின் நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டத்திலிருந்து, சமய நிறுவனங்களின் நிலங்கள் 1996இல் விலக்கப்பட்டுவிட்டன. எனவே பத்திரத்தின் சொத்து விவரத்தில் ‘மேற்கட்டுமானம் மட்டும்’ என்ற சொல் இருக்கிறதா என்று காண்பது மயிலாப்பூரில் முதல் வேலை. ஒரு கோயிலின் சொத்தைத் தெரிந்தோ தெரியாமலோ கொள்வது எந்தச் சமயத்தாருக்கும் அறமாகாது.

தியாகராய நகரில் தனி வீடுகள் குறைந்து அடுக்ககங்கள் மிகுந்துவிட்டன. அங்கே ஆராய வேண்டியது பிரிக்கப்படாத நிலப்பங்கு. கட்டடம் பழையதாகும், நிலப்பங்கு நிலைக்கும். எல்லா வீடுகளின் நிலப்பங்கையும் கூட்டினால் மனையின் மொத்த அளவுக்குள் அடங்குகிறதா என்று கணக்கிட வேண்டும். சில இடங்களில் மனையை மிஞ்சிய பங்கு விற்கப்பட்டிருப்பதும், வாகன நிறுத்துமிடம் இருவருக்கு எழுதப்பட்டிருப்பதும் இவ்வாறு வெளிப்படும். ஒப்புதல் பெற்ற வரைபடத்தை எடுத்துக்கொண்டு நேரில் சென்று ஒப்பிட வேண்டும். மூன்று மாடிக்கு அனுமதி பெற்று நான்காவது எழுப்பியிருந்தால், அந்த நான்காம் மாடி வீட்டை வாங்குபவர் இடிப்பு ஆணையின் நிழலில் வாழ்வார். 2022ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்கக உரிமைச் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. மூன்றில் இரு பங்கு உரிமையாளர் இசைந்தால் பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்ட அது இடமளிக்கிறது. பழைய அடுக்ககத்தில் வீடு வாங்குவோர், சங்கத்தில் அத்தகைய பேச்சு நடக்கிறதா என்று அறிந்து கொள்ள வேண்டும்.

அடையாற்றில் சாஸ்திரி நகர், இந்திரா நகர், பெசன்ட் நகர் முதலியவை தமிழ்நாடு வீட்டுவசதி வாரியம் அமைத்தவை. வாரியம் ஒதுக்கீடு செய்தது மட்டும் போதாது. முழுத் தொகை செலுத்தி வாரியத்தின் கிரயப் பத்திரம் பெறப்பட்டதா என்று காண வேண்டும். கடலையும் ஆற்று முகத்தையும் ஒட்டிய மனைகளுக்குக் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் பொருந்தும். வீடு நின்றிருந்தாலும் மீண்டும் கட்டத் தடை வரலாம். மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டப் பாதை மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு வழியாகவும், மற்றொன்று பனகல் பூங்கா வழியாகவும் செல்வதால், நில எடுப்பு அறிவிப்பு ஏதும் உண்டா என்று கேட்பதும் தேவை.

புதிய அடுக்ககமாயின், 500 சதுர மீட்டரை மிஞ்சிய மனையிலோ எட்டுக்கு மேற்பட்ட வீடுகளாகவோ அமையும் திட்டம் 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி பதிவு பெற வேண்டும். பதிவு பெற்ற ஒப்பந்தம் எழுதுமுன் விலையில் பத்து விழுக்காட்டுக்கு மேல் கட்டுமான நிறுவனம் பெறலாகாது. கட்டமைப்புக் குறை ஐந்தாண்டுக்குள் தோன்றினால் அதைச் செலவின்றிச் சரிசெய்வது நிறுவனத்தின் கடன். இவ்விரண்டையும் அறியாமல் ஏமாந்தோர் பலர்.

பணம் செல்லும் வழி

விலை ஒரு கோடி ரூபாய் உள்ள பழைய வீட்டை எடுத்துக்கொண்டால், 2023 முதல் உள்ள விகிதப்படி முத்திரைத் தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடுமாக 9 லட்சம் ரூபாய் செலவாகும். இந்தச் செலவைக் கண்டு அஞ்சி, விலையைக் குறைத்து எழுதி மிச்சத்தை ரொக்கமாகத் தரச் சொல்வோர் உளர். அசையாச் சொத்துக்காக 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகப் பெறுவதை 2015 முதல் வருமானவரிச் சட்டம் தடுத்துள்ளது. பெற்றவருக்கு அதே அளவு தண்டம் உண்டு. கொடுத்தவருக்கோ வேறு கேடு உண்டு. பின்னாளில் உரிமை தோற்றால், பத்திரத்தில் எழுதிய தொகையையே அவர் கேட்க முடியும். ரொக்கம் கொடுத்ததற்குச் சாட்சி இல்லை. நாட்டின் சட்டத்தை மீறிப் பொருள் கொள்ளுதல் என்று அறநூல் சொன்ன குற்றமும் இதுவே. பொய்த் தொகை எழுதிய பத்திரம் கூடலேகமே அன்றி வேறென்ன?

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ ஆனால், ஒரு விழுக்காட்டு வரியை விற்பவர் தொகையிலிருந்து பிடித்து அரசுக்குச் செலுத்துவது வாங்குபவர் கடமை. விற்பவர் வெளிநாட்டில் குடியேறியவராயின் பிடிக்கும் விகிதமும் முறையும் வேறு. பிள்ளைகள் அயல்நாட்டில் வாழும் வீடுகள் மிகுந்த மயிலாப்பூரில் இதனை மறந்து பின்னர் வரி அலுவலகத்தின் கடிதம் பெறுவோர் உண்டு. விற்பனை ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும். 2012ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுத் திருத்தம் இதைக் கட்டாயமாக்கியுள்ளது. குறை கண்டால் முன்பணம் எத்தனை நாளில் திரும்ப வரும் என்ற வாசகம் அதில் இடம் பெற வேண்டும்.

அவையோரே! கோடி ரூபாய் வீட்டிற்கு ஒன்பது லட்சம் தீர்வை கட்டத் தயங்காத குடும்பம், வழக்கறிஞருக்குத் தரும் கட்டணத்தில் பேரம் பேசுகிறது. அந்தக் கட்டணமே வீட்டின் முதற் கல். நல்ல வழக்கறிஞர் சில வேளைகளில் ‘இதை வாங்க வேண்டாம்’ என்பார். அச்சொல்லைக் கேட்டு விலகும் மனவலிமையும் வேண்டும்; ஒரு வீட்டின் மீது வைத்த பற்றை விடுவதும் அபரிக்கிரகத்தின் ஒரு படிதான்.

பிறர் பங்கு கலவாத நிலம், பொய் கலவாத பத்திரம், கணக்கில் வாராத பணம் கலவாத விலை ஆகிய மூன்றும் அமைந்த வீடு சிறியதாயினும், அதில் வாழ்வோர் அச்சமின்றி உறங்குவர். அவர்தம் மக்களும் பேரரும் வழக்கு மன்றத்தின் படி ஏறார்.